அனுமதி கிடைத்தால் மக்கள் பிழைப்பார்களா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாட்டின் அரசே தன் குடிமக்களைக் கொல்லும்போது, இன்னொரு நாடு படையோடு உள்ளே போய் அவர்களைக் காப்பாற்றினால் அது சர்வதேசச் சட்டப்படி தவறா? தவறுதான் என்றால் அந்தச் சட்டம் கொல்பவனுக்குத் துணையா, சாகிறவனுக்குத் துணையா? முதல் பாதிக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. இரண்டாம் பாதிக்குள் வேறொரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. சட்டம் வழிவிட்டிருந்தால் மக்கள் பிழைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபைத் தீர்மானங்களை வரிவரியாகப் படிப்பதையே பல ஆண்டுகளாக வேலையாகக் கொண்ட எனக்கு அந்த இடத்தில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை. ருவாண்டாவில் கொலைகள் நடந்தபோதும், போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் விழுந்தபோதும், ஐ.நா. படை சட்டப்படியான அனுமதியோடு அங்கேயே இருந்தது.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனத்தில் பிரிவு 2(4), ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதையும் பயன்படுத்துவதாக மிரட்டுவதையும் தடை செய்கிறது. சாசனமே தரும் விலக்குகள் இரண்டு: பிரிவு 51 சொல்லும் தற்காப்பு, ஏழாவது அத்தியாயத்தின்கீழ் பாதுகாப்புச் சபை கொடுக்கும் அனுமதி. இவை தவிர, அந்த நாட்டு அரசே அழைத்தாலோ சம்மதித்தாலோ படை போகலாம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் இலங்கை அரசின் ஒப்புதலின்றி யாழ்ப்பாணத்தின் மேல் நிவாரணப் பொருள்களைப் போட்டன. ஜூலை 29இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை போய் இறங்கியது. எட்டு வார இடைவெளியில் நடந்த இந்த இரண்டில் முன்னதற்குச் சட்டத்தின் ஆதரவு மிக மெலிது, பின்னதற்கு அரசின் சம்மதம் இருந்தது. மக்கள் எதில் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று பார்த்தாலே தெரியும், சட்டப்படி சரியாகப் போன படையால் மக்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது அரசே கொல்லும் நிலையைப் பற்றி. அங்கே சம்மதம் கிடைக்காது, தற்காப்பு பெரும்பாலும் பொருந்தாது. மீதமிருப்பது பாதுகாப்புச் சபை ஒன்றுதான்.

சபை மறுத்துவிட்டால், மனிதாபிமானத்தைக் காரணமாகச் சொல்லித் தானாகவே படையெடுக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டா? சட்ட அறிஞர்கள் நீண்டகாலமாகச் சண்டையிடும் இடம் இது. உண்டு என்று வெளிப்படையாக வாதிட்ட அரசுகள் மிகச் சில. அப்போது செர்பியாவின் கீழிருந்த கொசோவோவுக்காக நேட்டோ குண்டுவீசியது பற்றிய வழக்கில் 1999இல் சர்வதேச நீதிமன்றத்தின் முன் பெல்ஜியம் அப்படி வாதிட்டது. பிரிட்டன் 2013 ஆகஸ்டில் சிரியா குறித்து மூன்று நிபந்தனைகளோடு எழுதிவைத்தது: பேரளவு மனிதத் துயரம் நடப்பதற்கு உலகம் பொதுவாக ஏற்கும் சான்று வேண்டும், படைபலம் தவிர வேறு வழியில்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும், பயன்படுத்தும் பலம் தேவைக்கு மேற்படக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் மிக அதிகம். 2000ஆம் ஆண்டில் ஹவானாவில் கூடிய, வளரும் நாடுகளின் கூட்டமைப்பான 77 நாடுகள் குழு அப்படியொரு உரிமையே கிடையாது என்று அறிவித்தது. பெயரில் 77 இருந்தாலும் அப்போது அதன் உறுப்பினர்கள் 130க்கும் மேல். அமெரிக்கா மீது நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றமும், மனித உரிமையை நிலைநாட்டப் படைபலம் உரிய வழியாகாது என்றது.

பழைய உதாரணங்களும் உரிமை உண்டு என்பவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் வந்துசேர்ந்த நிலையிலும், இந்தியா கடைசியில் பெரிதும் சாய்ந்து நின்றது தற்காப்பின் மேல்தான். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தாக்கியிருந்தன. அப்படியும் ஐ.நா. பொதுச்சபையில் 104 நாடுகள் போர்நிறுத்தமும் படை விலகலும் கோரி வாக்களித்தன, எதிர்த்தவை 11. கம்போடியாவில் சொந்த மக்களையே கொன்று குவித்த போல் போட்டின் ஆட்சியை வியட்நாம் 1979 ஜனவரியில் வீழ்த்தியது. அதன்பிறகும் பல ஆண்டுகள் ஐ.நா.வில் அந்த ஆட்சியின் பிரதிநிதிதான் கம்போடியாவின் இருக்கையில் அமர்ந்திருந்தார். இரண்டு இடத்திலும் படையெடுப்பால் பெருங்கொலை நின்றது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதை ஒரு சட்ட உரிமையாக உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. கொசோவோவில் நேட்டோ 78 நாள் குண்டுவீசியதைச் சுயேச்சையான ஆணையம் ஒன்று ஆராய்ந்து, சட்டவிரோதமானது, ஆயினும் நியாயமானது என்று முடித்தது. அந்த முடிவு பலருக்கு எரிச்சல் ஊட்டுகிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

இனப்படுகொலை என்றால் விதிவிலக்கு உண்டே என்று சிலர் கேட்பார்கள். 1948இன் இனப்படுகொலை உடன்படிக்கை தடுக்கும் கடமையை எல்லா உறுப்பு நாடுகள் மீதும் சுமத்துகிறது என்பது உண்மை. செர்பியா மீது போஸ்னியா தொடுத்த வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம் அந்தக் கடமையை விரித்துரைத்தது. ஆபத்து இருப்பது தெரிந்த கணமே, தன் செல்வாக்கு எட்டும் அளவுக்கு ஒரு நாடு முயல வேண்டும். முயன்று தோற்றால் குற்றமில்லை, முயலாமல் இருந்தால் குற்றம். ஆனால் அதே தீர்ப்பு, சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் நின்றுதான் அதைச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இந்த எல்லை ஏன் வேண்டும் என்பதற்கு 2022ஐப் பாருங்கள். கிழக்கு உக்ரைனின் டான்பாஸில் இனப்படுகொலை நடக்கிறது என்ற வாதத்தையும் சேர்த்துக்கொண்டுதான் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு மார்ச் 16இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவில், இன்னொரு நாட்டுக்குள் தன்னிச்சையாகப் படை நடத்த அந்த உடன்படிக்கை இடம் தருகிறதா என்பதே ஐயத்துக்குரியது என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. உரிமை என்று ஒன்றை எழுதிவைத்தால் காப்பாற்ற வருகிறவனும் பறிக்க வருகிறவனும் அதே தாளைத்தான் நீட்டுவார்கள். அதனால், மனம் கனத்தாலும், நான் பெரும்பான்மைக் கருத்தின் பக்கம் நிற்கிறேன்.

‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாடு இந்த நிலையை மாற்றிவிட்டதாகப் பலரும் நம்புகிறார்கள். மாற்றவில்லை. கனடா முன்னின்று அமைத்த ஆணையம் 2001இல் அதை முன்வைத்தது. 2005 உலக உச்சிமாநாட்டு அறிக்கையின் 138, 139ஆம் பத்திகளில் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டது நான்கு குற்றங்களுக்கு மட்டும்: இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றம். பஞ்சமோ புயலோ ஆட்சிக் கவிழ்ப்போ அதில் வராது. அரசு வெளிப்படையாகத் தவறும்போது கூட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது, அதுவும் பாதுகாப்புச் சபை வழியாக, ஒவ்வொரு விவகாரத்தையும் தனித்தனியே பார்த்து. வாசல் பழைய வாசல்தான். மாறியது இது: உள்நாட்டு விவகாரம் என்று சொல்லி ஒரு அரசு கதவை மூடிக்கொள்வதற்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டது.

இப்போது அந்த வாசலைப் பார்ப்போம். ஒரு தீர்மானம் நிறைவேற 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் எவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. அவர்களில் ஒருவர் அப்படி எதிர்த்துத் தடுப்பதுதான் வீட்டோ. வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது வீட்டோ ஆகாது. தீர்மானம் நிறைவேறியது என்று செய்தி வந்ததும் மகிழ்ந்துவிடாமல் அதன் வாசகத்தில் சிலவற்றைத் தேடுங்கள். நிலைமை சர்வதேச அமைதிக்கு அச்சுறுத்தல் என்ற முடிவு இருக்கிறதா? ‘ஏழாவது அத்தியாயத்தின்கீழ் செயல்பட்டு’ என்ற சொற்கள் இருக்கின்றனவா? ‘தேவையான எல்லா நடவடிக்கைகளும்’ என்ற தொடர் இருக்கிறதா? படைபலத்துக்கான அனுமதியைச் சபை வழக்கமாக அந்தத் தொடரில்தான் வைக்கும். கவலை, கண்டனம், வலியுறுத்தல் எல்லாம் எத்தனை கடுமையாக இருந்தாலும் அனுமதி ஆகாது. 1991இல் ஈராக்கின் குர்து மக்களுக்காக வந்த தீர்மானம் 688இல் அத்தொடர் இல்லை. ஆனாலும் அதைச் சுட்டிக்காட்டி வடக்கு ஈராக்கில் பறக்கத் தடை மண்டலம் அமைக்கப்பட்டது, அதன் சட்டத் தகுதி இன்றுவரை சர்ச்சைதான். பிறகு, அனுமதி யாருக்கு, எந்தச் செயலுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பாருங்கள். ஐ.நா. படைகளுக்கான தீர்மானங்களில் 1999இன் சியரா லியோன் தீர்மானம் 1270 முதல் ஒரு வாசகம் வருகிறது: உடனடி வன்முறை அச்சுறுத்தலில் உள்ள பொதுமக்களை, படையின் வல்லமைக்கும் அது நிற்கும் பகுதிக்கும் உட்பட்டுப் பாதுகாப்பது. ‘வல்லமைக்கு உட்பட்டு’ என்ற அந்தச் சிறிய தொடரை நம்பித்தான் ஒரு கிராமமே உறங்கப் போகிறது.

லிபியாவுக்கான தீர்மானம் 1973, வாசகம் எப்படி வளைகிறது என்பதற்குப் பாடம். 2011 மார்ச் 17இல் ஆதரவாக 10 வாக்குகள் விழுந்தன. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் ஒதுங்கின. பென்காஸி நகர் உட்பட, தாக்குதல் அச்சத்தில் உள்ள பொதுமக்களையும் குடியிருப்புப் பகுதிகளையும் பாதுகாக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளும் எடுக்கலாம், எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்று அது சொன்னது. பென்காஸியை நோக்கி வந்த லிபிய அரசின் படை வரிசை தடுக்கப்பட்டது. அதோடு பணி முடிந்ததா? ஒரு ஊருக்கு ஆபத்து நீங்கினாலும், ஆபத்தை உண்டாக்கும் ஆட்சி இருக்கும்வரை மக்களுக்குப் பாதுகாப்பில்லை என்ற வாதத்தில் நடவடிக்கை மாதக்கணக்கில் நீண்டது. ஏப்ரலிலேயே அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் தலைவர்கள் மூவரும் லிபியாவை ஆண்ட கடாஃபி பதவியில் நீடிப்பதை ஏற்க முடியாது என்று கூட்டாக எழுதினார்கள். தீர்மானத்தில் முடிவுத் தேதி இல்லை. இதில் ஒரு பொறி உண்டு. காலவரையறை இல்லாத அனுமதியை முடித்துவைக்கவும் புதிய தீர்மானம் வேண்டும், அதற்கும் வீட்டோ பொருந்தும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற ஒதுங்கி நின்றவர்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சிரியா குறித்த முதல் வரைவை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தபோது ரஷ்யா லிபியா அனுபவத்தை வெளிப்படையாகவே சொன்னது. லிபியா மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சிரியாவில் ரஷ்யாவுக்குச் சொந்த நலன்கள் இருந்தன. ஆனாலும் ஒரு தீர்மானத்தின் தளர்வான வாசகத்துக்கு அடுத்த நாட்டு மக்கள் விலை கொடுக்க நேரலாம் என்பதை மறுப்பது கடினம்.

வாசகத்துக்கு அடுத்தது எண்ணிக்கை. ஐ.நா.வுக்கென்று படை கிடையாது. சாசனத்தின் பிரிவு 43 எதிர்பார்த்த நிரந்தரப் படை ஒப்பந்தங்கள் ஒருபோதும் கையெழுத்தாகவில்லை. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் ஆள் தேடத் தொடங்குவார்கள். ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் இருந்தார்கள். பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டு பெல்ஜியம் விலகியதும், கொலைகள் உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று, அதை 270 ஆகக் குறைக்கச் சபை முடிவு செய்தது. மே 17இல் மனம் மாறி 5,500 பேருக்கு அனுமதி தந்தது, ஆனால் நாடுகள் ஆளும் கவச வண்டியும் தரவில்லை. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டபோது அந்த 5,500 தாளில்தான் இருந்தது. போஸ்னியாவில் இன்னும் நுட்பமாக நடந்தது. ஆறு நகரங்களைப் பாதுகாப்புப் பகுதிகள் என்று அறிவித்தார்கள். தாக்குதலை அஞ்சி நிற்கச் செய்யும் அளவுக்குச் சுமார் 34,000 பேர் கூடுதலாக வேண்டும் என்று கணக்குச் சொல்லப்பட்டது; சபை ஏற்றது 7,600 பேர் என்ற ‘இலகுத் திட்டத்தை’. தீர்மானம் 836இன் வாசகமோ அப்பகுதிகள் மீதான தாக்குதலை ‘அஞ்சித் தவிர்க்கச் செய்வது’ என்றுதான் இருந்தது. ‘காப்பது’ என்ற சொல் தவிர்க்கப்பட்டது. விமானத் தாக்குதல் வேண்டுமென்றால் ஐ.நா.வும் நேட்டோவும் இரண்டுமே ஒப்புதல் தர வேண்டும். 1995 ஜூலை 11இல் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தபோது அங்கே சில நூறு டச்சு வீரர்கள் இலகு ஆயுதங்களோடு இருந்தார்கள். அடுத்த சில நாள்களில் கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுமார் 8,000. பாதுகாப்புப் பகுதி என்ற பெயரை நம்பி அங்கே ஒதுங்கியவர்களும் அவர்களில் அடக்கம்.

‘பாதுகாப்புப் பகுதி’ என்ற இந்தச் சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வாசகர்களுக்கு அது வெறும் சொல் அல்ல. போர்விதிகளைச் சொல்லும் ஜெனீவா சட்டத்தில் இத்தகைய வலயங்கள் போரிடும் தரப்புகளின் உடன்பாட்டால் பிறக்க வேண்டியவை. உள்ளே ஆயுதம் இருக்கக் கூடாது, அதை யாராவது கண்காணிக்க வேண்டும். உடன்பாடு இல்லையென்றால், தாக்க வருபவனைத் தடுக்கும் படை வேண்டும். இரண்டும் இல்லாத வலயம் மக்களை ஓரிடத்தில் குவித்துவைக்கும் அறிவிப்பாகிவிடும். வன்னியில் 2009இல் அறிவிக்கப்பட்ட தாக்குதலற்ற வலயங்கள் ஒரு தரப்பான அரசு தானே அறிவித்தவை. அவற்றின் மீது அரசுப் படைகள் எறிகணை வீசியதாகவும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததாகவும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. வீட்டோதான் அன்று சபையின் கையைக் கட்டியது என்று பலரும் சொல்கிறார்கள். படை அனுப்புவது பற்றி என்றால் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு விவகாரத்தைச் சபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது நடைமுறை விஷயம். அதற்கு வீட்டோ கிடையாது, 9 வாக்குகள் போதும். மியான்மரை 2006 செப்டம்பரில் சீனாவும் ரஷ்யாவும் எதிர்க்க, 10 வாக்குகளோடு அப்படித்தான் சேர்த்தார்கள். இலங்கை முறையான நிகழ்ச்சி நிரலுக்கு வரவே இல்லை. சேர்த்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று யாராலும் கணக்கிட முடியாது. கேட்கப்படாத ஒரு வாக்கு அது என்பது மட்டும் உறுதி.

பறக்கத் தடை மண்டலம் என்பதும் காதுக்கு மென்மையான சொல். வானில் ரோந்து சுற்றும் முன் தரையிலுள்ள ரேடார்களையும் ஏவுகணைத் தளங்களையும் அழிக்க வேண்டும், அதாவது முதல் நாளே குண்டு விழும். அதன் பிறகும் அது தடுப்பது விமானத்தை மட்டும். வீடு வீடாகப் புகுந்து கொல்பவனை உயரத்திலிருந்து நிறுத்த முடியாது. கொசோவோவில் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த வாரங்களிலேயே பல லட்சம் அல்பேனியர் எல்லைக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வந்தது செர்பியப் படை விலகித் தரைப்படை உள்ளே போன பிறகு. காப்பாற்றப் போகும் படைக்கும் போர்விதிகளில் சலுகை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலக்கைப் பிரித்தறிவது, பொதுமக்கள் இழப்பு மிகையாகாமல் பார்ப்பது, முன்னெச்சரிக்கை எடுப்பது எல்லாம் நோக்கம் எத்தனை நல்லதானாலும் அப்படியே பொருந்தும்.

நன்றாக நடந்ததும் உண்டு. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோருக்காக 1999 செப்டம்பர் 15 அன்று தீர்மானம் 1264 ஒருமனதாக நிறைவேறியது, 20ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையிலான படை இறங்கியது. ஐந்தே நாள். இது எப்படிச் சாத்தியமானது? கடும் நெருக்கடிக்குப் பிறகு இந்தோனேசியா சம்மதித்திருந்தது. தயாராக இருந்த ஒரு நாடு அருகில் இருந்தது, தலைமையையும் ஏற்றது. வாசகத்தில் தயக்கம் இல்லை. சில மாதங்களில் பொறுப்பு ஐ.நா. நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த நான்கும் ஒருசேர அமைவது அரிது. அதிலும் முதலாவது, அதாவது அரசைச் சம்மதிக்க வைக்கும் நெருக்கடி, பெரும்பாலும் படைபலத்தால் வந்ததல்ல. கடன், ஆயுத விற்பனை, உறவு முறிவு போன்றவற்றால் வந்தது. படை அனுப்பலாமா கூடாதா என்ற விவாதத்தில் இந்தக் கருவிகள் மறந்தே போகின்றன.

வீட்டோ தடுத்தால் எல்லாம் முடிந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுச்சபை 1950இன் ‘அமைதிக்காக ஒன்றுபடல்’ தீர்மானத்தின் வழியாகக் கூடிப் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. 2022 ஏப்ரல் முதல், யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாள்களுக்குள் பொதுச்சபை அதை விவாதிக்கக் கூடுகிறது. வெட்கப்பட வைக்கும் வழி அது, அவ்வளவே. ஆப்பிரிக்க ஒன்றியம் தன் சாசனத்தின் பிரிவு 4(எச்)இல், இனப்படுகொலை போன்றவை நடக்கும் உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமையையே எழுதிவைத்திருக்கிறது. அரசின் சம்மதமின்றி அதைப் பயன்படுத்தி இதுவரை படை போனதில்லை. சபையின் அனுமதி இல்லாமல் அது செல்லுமா என்பதும் தீராத கேள்விதான்.

பாதுகாக்கத் தவறிய படையை யாரிடம் கேட்பது என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் சட்டம் யார் பக்கம் என்பதற்கு அதுதான் கூர்மையான சோதனை. ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார்கள் ஐ.நா. மீதே வழக்குத் தொடுத்தார்கள், ஐ.நா.வுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று டச்சு நீதிமன்றங்களும் பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொல்லிவிட்டன. நெதர்லாந்து அரசு மீதான வழக்கு மட்டும் நின்றது. டச்சுத் தளத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 350 ஆண்களை 1995 ஜூலை 13 அன்று வெளியே போகவிட்டது தவறு என்று 2019 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளேயே வைத்திருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு சிறிதுதான் என்று கருதி, இழப்பில் 10 சதவீதத்துக்கு மட்டும் அரசைப் பொறுப்பாக்கியது. கீழ்நிலை நீதிமன்றம் அதை 30 சதவீதம் என்று வைத்திருந்தது.